நடுவில் விரித்த பாய்

எட்டு வயதில் நான் இரண்டு மாதம் ஒரு உத்தியோகம் பார்த்தேன். சித்தப்பாவுக்கும் சித்திக்கும் நடுவில் பாய் விரித்துத் தூங்குவதுதான் வேலை. புதிதாகக் கல்யாணம் ஆனவர்களுக்கு நடுவில் ஒரு பிள்ளையைக் கொண்டுபோய்ப் போட்ட புத்திசாலி யார் என்று சொன்னால் யாரும் நம்பமாட்டார்கள். சாட்சாத் சித்தப்பாவேதான். தினக்கூலி ஒரு கமர்கட்டு.

அப்போது காஞ்சிபுரம் பிள்ளையார்பாளையத்தில் எங்கள் வீடு. முன்னால் இரண்டு தறி, பின்னால் ஒரே ஒரு அறை. அந்த அறைக்குச் சுண்ணாம்பு அடித்து, புது ஃபேன் மாட்டி, தை மாதம் சித்தப்பாவுக்குக் கல்யாணம் செய்துவைத்தார்கள். அவர் ஒரு பட்டு முதலாளியிடம் வேலை பார்த்தார். சரிகை வாங்க சூரத்துக்குப் போவார், போனால் பத்து நாள் தங்குவார், வரும்போது எனக்குப் பொட்டலம் பொட்டலமாகத் தின்பண்டம் கொண்டுவருவார். சித்தி வாலாஜாபாத்துப் பெண். இருபது வயது. எதற்கெடுத்தாலும் சிரிப்பாள்.

அக்கா கல்லூரியில் இரண்டாம் வருஷம். எய்ட்ஸ் பற்றித் தெருவில் நாடகம் போடப்போகிறோம் என்று மூன்று நாள் பயிற்சி வேறு எடுத்துக்கொண்டு வந்திருந்தாள். நாடகத்தில் அவள் டாக்டர். நோயாளியாக நடிக்கவேண்டிய தோழியை, என்ன நாடகம் என்று தெரிந்ததும் வீட்டில் பூட்டிவைக்காத குறையாக நிறுத்திவிட்டார்கள். அதனால் ஒரு ஞாயிற்றுக்கிழமை மாடியில் ஒத்திகை பார்க்கும்போது சித்தப்பாவின் கையில் நோயாளியின் வசனம் எழுதிய தாளைத் திணித்தாள். சித்தி ஓரமாக உட்கார்ந்து முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். நான்தான் ஊர் ஜனம்.

சித்தப்பா முதலில் அமர்க்களம் பண்ணினார். இருமினார், தள்ளாடினார், சித்தியைச் சிரிக்கவைத்தார். "நான் நல்லாத்தானே இருக்கேன் டாக்டர், எனக்கு எதுக்கு டெஸ்ட்டு?" என்று தாளைப் பார்த்து நீட்டி முழக்கினார். அக்கா மூக்குக்கண்ணாடி போட்ட மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு பதில் சொன்னாள். கிருமி உடம்புக்குள் போய்ப் பல வருஷம் ஒன்றுமே தெரியாமல் இருக்கலாம், பார்ப்பதற்குத் திடமாக இருக்கலாம், ஒரு தப்பும் செய்யாத பெண்சாதிக்கும் அதற்குள் கொடுத்துவிடலாம் என்றாள். அடுத்த வரி சித்தப்பாவுடையது. அவர் படிக்கவில்லை. அக்கா விரலை வைத்து இடத்தைக் காட்டினாள். அவர் தாளைப் பார்க்காமல் அக்காவையே பார்த்து, "மெய்யாலுமா? எத்தினி வருசம் தெரியாமலே இருக்கும்?" என்று கேட்டார்.

அது நாடகத்தில் இல்லாத கேள்வி. ஆனால் பயிற்சிக்குப் போய்வந்த பெருமையில் இருந்த அக்காவுக்கு அதெல்லாம் எங்கே தெரிந்தது! ஒன்றுக்குப் பத்தாகக் கொட்டினாள். தொட்டால் வராது, ஒரே தட்டில் சாப்பிட்டால் வராது, கொசு கடித்தால் வராது, எப்படி வரும், எப்படித் தடுக்கலாம் என்று எல்லாம் சொன்னாள். ஆணுறை என்ற சொல் வந்தபோது மட்டும் குரலை இறக்கினாள். அதற்கு என்ன அர்த்தம் என்று கேட்டேன், தொடையில் கிள்ளு விழுந்தது. சித்தி முந்தானையால் வாயை மூடிக்கொண்டு சிரித்தாள். சித்தப்பா தாளை மடித்துக் கொடுத்துவிட்டுக் கீழே இறங்கிப் போய்விட்டார்.

அன்று சாயங்காலம்தான் என்னைக் கூப்பிட்டு, பாயை எடுத்துக்கொண்டு அவர்கள் அறைக்கு வரச் சொன்னார். புது ஃபேன் காற்று குழந்தைக்கும் வரட்டும் என்று அம்மாவிடம் காரணம் சொன்னார். ஒரு நாள்தானே என்று அம்மா விட்டாள். ஒரு நாள் ஒரு வாரமாகி, ஒரு வாரம் ஒரு மாதமாயிற்று. எனக்கு ஒரே கொண்டாட்டம். அம்மாவால் வெளியில் தலைகாட்ட முடியவில்லை.

சித்திக்கு என்ன ஆயிற்று என்பதை நான் பக்கத்தில் இருந்தே பார்த்தேன், பார்த்தும் ஒன்றும் புரிந்துகொள்ளவில்லை. குழாயடியில் பெண்கள் விசேஷம் உண்டா என்று கேட்பார்கள். சித்தி குடத்தைத் தூக்கிக்கொண்டு வந்துவிடுவாள். வாலாஜாபாத்திலிருந்து அவளுடைய அம்மா வந்து, அந்த அறையில் சுருட்டி வைத்திருந்த என் பாயைப் பார்த்துவிட்டு, வீட்டுக்குள் புகுந்த திருடியைப் பார்ப்பதுபோல என்னைப் பார்த்தாள். சித்தி தினமும் மல்லிகை வைத்துக்கொள்வதை நிறுத்திவிட்டாள். அவருக்கு என்னைப் பிடிக்கவில்லை போலிருக்கிறது என்று சித்தி ஒரு நாள் அக்காவிடம் அழுததைக் கேட்டேன். அதில் நான் எங்கே வந்தேன் என்று யோசிக்கிற வயசா எனக்கு?

ஒரு சாயங்காலம் எனக்குத் தலை பின்னிவிட்டுக்கொண்டே சித்தி பேரம் பேசினாள்.

"ஒரே ஒரு நாளு உங்க அம்மாகிட்ட படுத்துக்கயேன் கண்ணு."

கூடவே அவளுடைய முத்துக் கிளிப்பையும் என் தலையில் குத்தினாள். கல்யாணத்துக்கு வந்த கிளிப்பு, பல நாளாக என் கண் அதன்மேல்தான். சரி என்று தலையாட்டிவிட்டு, அம்மா பக்கத்தில் போய் உட்கார்ந்துகொண்டேன்.

சித்தப்பா வேலை முடிந்து வந்தார். பாய் அறையில் இல்லை என்றதும் நேராக என்னிடம் வந்தார். வரமாட்டேன் என்றேன். இரண்டு கமர்கட்டு என்றார், மூன்று என்றார். நான் கிளிப்பைத் தடவிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அம்மாவுக்கு அன்று பொறுமை போய்விட்டது. "ஏம்பா, கல்யாணம் ஆன ஆம்பள பண்ற வேலையா இது? அந்தப் பொண்ணு மூஞ்சியப் பாத்தியா?" என்று கேட்டாள். அவர் என் முன்னால் தரையில் உட்கார்ந்தார். ஆறடி மனிதர், கண்ணெல்லாம் தண்ணீர்.

"சித்தி நல்லா இருக்கணும்னு உனக்கு ஆசையா இல்லியா? அப்ப வாம்மா. இன்னும் கொஞ்ச நாளு."

பெரியவர் ஒருவர் என்னிடம் கெஞ்சி நான் அதற்குமுன் பார்த்ததில்லை. பயந்துபோய்ப் பாயை எடுத்துக்கொண்டு போய்விட்டேன். வாங்கிய கிளிப்பைத் திருப்பித் தரவில்லை என்பதையும் சொல்லிவிடவேண்டும். சித்தி மூன்று நாள் என் முகத்தைப் பார்க்காமல் சுவரைப் பார்த்துப் படுத்தாள்.

அதற்கு அடுத்த வாரம் சித்தப்பா முதலாளி வேலையாக என்று சொல்லி இரண்டு தடவை மெட்ராஸ் போய்வந்தார். இரண்டாம் தடவை வந்ததும் அக்காவையும் சித்தியையும் மாடிக்குக் கூட்டிக்கொண்டு போனார். யாரையும் விடாதே என்று என்னைப் படியில் உட்காரவைத்தார்கள். மேலே சண்டையோ சத்தமோ ஒன்றும் கேட்கவில்லை. இறங்கி வந்த சித்தி நேராக அறைக்குப் போய், பெட்டியில் துணிகளை அடுக்கி, அந்தப் பெட்டியின் மேலேயே பொழுது சாயும்வரை உட்கார்ந்திருந்தாள். சாப்பிடக் கூப்பிட்டும் எழுந்திருக்கவில்லை. மறுநாள் அக்கா அவளை மெட்ராஸ் கூட்டிக்கொண்டு போனாள். கோயிலுக்கு என்று வீட்டில் சொன்னார்கள். காஞ்சிபுரத்துக்காரர்கள் கோயில் பார்க்க மெட்ராஸ் போவதாவது, ஆனால் அம்மா அதையும் நம்பினாள்.

என் கல்யாணத்துக்கு முன்னால், என்னையும் மாப்பிள்ளையையும் ரத்தப் பரிசோதனைக்கு அனுப்பும்போது சித்தியே இதையெல்லாம் எனக்குச் சொன்னாள். சூரத்தில் தங்கிய நாட்களில் எங்கேயோ ஒட்டிக்கொண்ட கிருமி சித்தப்பாவுக்கு இருந்தது. சித்திக்கு இல்லை. மூன்று மாதம் கழித்து மறுபடி பார்த்தபோதும் இல்லை. அவர் வேளை தவறாமல் மாத்திரை போட்டுக்கொண்டு இன்றைக்கும் நடமாடுகிறார். சித்தப்பாவைப் புண்ணியவானாக்க நான் இதை எழுதவில்லை. கல்யாணத்துக்கு முன்பே போய்ப் பார்த்திருக்கவேண்டிய மனுஷன். தாலி கட்டி ஒரு மாதம் அந்தப் பெண்ணை ஆபத்தில் வைத்திருந்தார், சந்தேகம் வந்த பிறகும் வாய்திறந்து சொல்லத் தைரியமில்லாமல் ஒரு குழந்தையைக் கொண்டுபோய் நடுவில் போட்டார். அந்தக் கோபம் எனக்கு இன்னும் இருக்கிறது. பாவம், அவருக்குத் தெரிந்த வழி அது ஒன்றுதான் என்றும் தோன்றுகிறது.

சித்தியின் பரிசோதனை முடிவை வாங்கிக்கொண்டு அவளும் அக்காவும் திரும்பி வந்த அன்று, நான் வழக்கம்போலப் பாயோடு போய் நின்றேன். பெட்டி கட்டியபடியே மூலையில் இருந்தது. சித்தப்பா தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு உள்ளே உட்கார்ந்திருந்தார். சித்தி வாசற்படியிலேயே என் பாயை வாங்கினாள். விரிக்கப்போகிறாள் என்று நினைத்தேன். இறுக்கிச் சுருட்டி என் கையிலேயே திருப்பிக் கொடுத்தாள்.

"இனிமே நீ வேணாம் கண்ணு. எப்படி இருக்கணும்னு எனக்குத் தெரியும். நான் பாத்துக்கறேன்."

சித்தப்பா என்னைக் கூப்பிடுவார் என்று கொஞ்ச நேரம் நின்றேன். அவர் நிமிர்ந்து சித்தியைப் பார்த்தார், என்னைப் பார்க்கவில்லை. சித்தி பெட்டியைத் திறந்து புடவைகளை ஒவ்வொன்றாகக் கொடியில் போட ஆரம்பித்தாள்.

புருஷன் பெண்சாதி சமாதானம் ஆகிவிட்டார்கள் என்று அம்மா பிள்ளையாருக்குக் கற்பூரம் ஏற்றினாள். எல்லாம் தெரிந்துகொண்டு, போகவும் வழியிருந்து, யார் சொல்லியும் இல்லாமல் இருபது வயதுப் பெண் ஒருத்தி அந்த அறைக்குள் தானாகவே இருந்துவிட்டாள் என்பது அம்மாவுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. தூக்கத்தில் சித்தியை உதைத்துவிட்டேன், அதனால்தான் விரட்டிவிட்டாள் என்று நான் பாயைக் கட்டிக்கொண்டு அழுதுகொண்டிருந்தேன்.