இலத்தூரில் எரிந்த ஆம்ப்ளிஃபயரும் எனக்கு வரவேண்டிய ஒரு சொல்லும்

மைக் செட் தொழிலில் சத்தம் நன்றாக இருந்தால் பாடியவனுக்குப் பெயர், கெட்டுப்போனால் ஒயர் இழுத்தவனுக்குப் பெயர். எனக்கு அந்த இரண்டாவது பெயரை வாங்கிக் கொடுத்தவர் தென்காசி சங்கரபாண்டி அண்ணாச்சி. ஆளை முதலில் சொல்லிவிடுகிறேன், மற்றதைப் பிறகு சொல்லுகிறேன். நீங்களும் யாராவது ஒரு முதலாளியிடம் வேலை பார்த்திருப்பீர்கள். அவர் செய்த தப்பை உங்கள் தலையில் தூக்கி வைத்திருப்பார். ஆகவே உங்களிடம் விளக்க வேண்டியது அதிகம் இல்லை.

நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவன். ஆனால் இந்தத் தொழிலுக்குத் தேவையான கணக்கு சின்னதுதான். ஆம்ப்ளிஃபயரின் முதுகில் நாலு, எட்டு, பதினாறு என்று எழுதிய திருகாணிகள் இருக்கும். மரத்தில் கட்டும் குழாய் ஸ்பீக்கர் ஒன்றுக்குப் பதினாறு. இரண்டு குழாயைப் பக்கத்துப் பக்கத்தில் சேர்த்தால் எட்டு, நாலைச் சேர்த்தால் நாலு. எந்தக் கணக்கு வருகிறதோ அந்த ஆணியில் மாட்ட வேண்டும். இதற்குப் பெயர் மேட்சிங். இன்னொரு விதியும் உண்டு. ஆம்ப்ளிஃபயர் ஓடும்போது குழாய் ஒயர் முழுவதையும் கழற்றக் கூடாது. வெளியே போக வழியில்லாத சத்தம் உள்ளே இருக்கும் டிரான்ஸ்பார்மரை எரித்துவிடும்.

இலத்தூர் கல்யாணம்

ஐம்பதுகளின் நடுவில் நடந்தது. அப்போது நான் சங்கரபாண்டி அண்ணாச்சியிடம் வேலை பார்த்தேன். இலத்தூரில் ஒரு பெரிய வீட்டுக் கல்யாணம். நாலு குழாய் கட்டி நாலாம் ஆணியில் நான்தான் மாட்டினேன். காலை ஆறு மணியிலிருந்து நாதஸ்வர இசைத்தட்டு ஓடிக்கொண்டிருந்தது. முகூர்த்தத்துக்குக் கொஞ்சம் முன்னால், காற்றில் திரும்பிப்போன ஒரு குழாயைச் சரி செய்யத் தென்னை மரத்தில் ஏறியிருந்தேன். மாப்பிள்ளை வீட்டுப் பெரியவர் ஒருவர் காது வலிக்கிறது, நிறுத்துங்கள் என்றார். சத்தத்தைக் குறைக்கக் குமிழ் இருக்கிறது, அணைக்க சுவிட்ச் இருக்கிறது. ஆனால் அண்ணாச்சிக்கு நாலு பேர் பார்க்கும்போது எதையும் பெரிதாகச் செய்ய வேண்டும். ஆம்ப்ளிஃபயரின் முதுகுப் பக்கம் கையை விட்டு ஒயரைக் கொத்தாகப் பிடுங்கினார். தட்டு மட்டும் சுற்றிக்கொண்டே இருந்தது.

மரத்திலிருந்து, "அண்ணாச்சி, ஒயரை மாட்டுங்க, மாட்டுங்க" என்று கத்தினேன். கீழே கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் மாட்டியிருக்க மாட்டார். கொஞ்ச நேரத்தில் அப்பளம் கருகிய மாதிரி வாசனை வந்தது, பிறகு புகை வந்தது. கூட்டம் திரும்பிப் பார்ப்பதற்குள் ஒயரைப் பழையபடி ஆணியில் சொருகிவிட்டார். அந்த வேலையை மட்டும் சத்தமில்லாமல் செய்தார். கல்யாண வீடே அண்ணாந்து என்னைப் பார்த்தது. இரண்டு கையாலும் மரத்தைக் கட்டிப் பிடித்துக்கொண்டிருப்பவன் நியாயம் பேசினால் எடுபடாது. அண்ணாச்சி என்னைக் கைகாட்டிச் சொன்னார்:

"அந்தா மரத்துல தொங்குதான் பாருங்க, அவன் மாட்டுனதுதான். மேட்சிங் தெரியாத பயல வச்சுக்கிட்டு நான் என்னய்யா செய்ய?"

எட்டுக் குழாய்

அடுத்த மாதமே விலகிச் சொந்தமாக ஒரு பழைய இருபத்தைந்து வாட்ஸ் செட் போட்டேன். நான் போகும் ஊருக்கெல்லாம் எனக்கு முன்னால் அண்ணாச்சியின் பேச்சு போய் உட்கார்ந்திருந்தது. "மேட்சிங் தெரியாத முப்புடாதி நீதானா?" என்று கேட்டுவிட்டுத்தான் வெற்றிலைத் தட்டையே நகர்த்துவார்கள்.

பண்பொழிப் பக்கம் ஓர் அம்மன் கோவில் கொடைத் திருவிழா. பக்கத்துத் தெருக்காரர்கள் போன வருஷம் ஆறு குழாய் கட்டியிருந்தார்கள். ஆகையால் இவர்களுக்கு எட்டு வேண்டும். என்னுடைய செட் நாலுக்கு மேல் சுமக்காது. ஊர்த் தலைவரிடம் மேட்சிங் கணக்கைச் சொன்னேன். "அப்ப ஒனக்குத் தெரியாதுன்னு சொல்லுதது சரிதான்" என்றார். எட்டுக் குழாய் கட்டினேன். நாலுக்குத்தான் ஒயர் கொடுத்தேன். மற்ற நாலின் ஒயரும் வேப்பிலைக் கொத்துக்குள் போய் நின்றுவிட்டது. எட்டுக் கட்டு என்றார், கட்டியாகிவிட்டது. எட்டும் பேச வேண்டும் என்று அவர் சொல்லவில்லை.

பூஜை முடிந்ததும் தலைவர் ஒவ்வொரு குழாயாகச் சோதித்துக்கொண்டு வந்தார். நேராகத் தன் வீட்டு வாசலில் இருந்த ஊமைக் குழாயின் கீழே போய் நின்று காதை உயர்த்தினார். எதிர் மரத்துக் குழாயின் சத்தம் அவர் வீட்டுச் சுவரில் பட்டுத் திரும்பியது, அவ்வளவுதான். ரொம்ப நேரம் கேட்டுவிட்டுச் சொன்னார்:

"மத்ததெல்லாம் கரகரங்கு. இந்த ஒண்ணுதாம்லே மணி மாதிரி பேசுது, அடுத்த வருசமும் இதையே எங்க வீட்டு வாசல்ல கெட்டிரு."

தேயிலைப் பெட்டி

புளியறை செக்போஸ்ட் பக்கத்தில் குட்டன் சேட்டன் என்ற மலையாளி சாப்பாட்டுக் கடை வைத்திருந்தார். ரேடியோவுக்குத் தனியாக ஒரு ஸ்பீக்கர் வாங்கி, அதை அப்படியே ஓர் ஆணியில் தொங்கவிட்டிருந்தார். பாட்டு கொசு முனகுவது போல வந்தது. வெறும் ஸ்பீக்கரில் முன்னால் போகிற சத்தமும் பின்னால் போகிற சத்தமும் ஒன்றையொன்று தின்றுவிடும். பின்பக்கத்தை அடைத்தால்தான் பேஸ் என்கிற அடிச்சத்தம் வரும். கடைக்குப் பின்னால் மலையிலிருந்து தேயிலை வந்த பலகைப் பெட்டி ஒன்று கிடந்தது. அதில் வட்டமாக ஓட்டை போட்டு ஸ்பீக்கரை உட்கார வைத்தேன். மிருதங்கத்தின் இடப்பக்கத் தொப்பி சொல்லுகிற கனத்த சொல் கடைப் பலகையில் அதிர்ந்தது. லாரிக்காரர்கள் சாப்பிட்ட கையோடு நின்று கேட்டார்கள். எனக்கு ஒரே பெருமை. ஒரு வாரம் கழித்து சேட்டன் ஆள் அனுப்பினார். பாராட்டுவதற்கு என்று நினைத்துப் போனேன்.

"சவுண்டு கொள்ளாம், நல்லாயிருக்கு முப்புடாதி, பக்ஷே ஒரு சாயா குடிச்சிட்டு ஒரு மணிக்கூர் ஒருத்தனும் எந்திரிக்க மாட்டேங்கான், அந்தப் பழைய கொசுவையே திருப்பிக் கெட்டு."

கொழும்புப் பெட்டி

தென்காசியில் காதர் பாய் கொழும்பிலிருந்து பெரிய ஸ்பீக்கர் பெட்டி ஒன்று கொண்டுவந்திருந்தார். பீரோ மாதிரி இருக்கும். ஆம்ப்ளிஃபயர் இங்கே வாங்கியது. இரண்டையும் சேர்த்தால் பாட்டு பக்கத்து வீட்டில் நடப்பது போலக் கேட்டது. "உனக்கு மேட்சிங் தெரியாதுன்னு சங்கரபாண்டி சொல்லுதாரே" என்று ஆரம்பித்தார். நான் பெட்டிக்குப் பின்னால் குனிந்தேன். நாலு என்று எழுதிய பெட்டியைப் பதினாறாம் ஆணியில் மாட்டி வைத்திருந்தார்கள். செட்டை அணைத்து, ஒயரை ஆணி மாற்றி, மறுபடியும் போட்டேன். பாட்டால் கூடம் நிறைந்துவிட்டது. பாய் கண்ணை மூடி ஒரு பாட்டு முழுவதும் கேட்டார். இன்றைக்கு எனக்கு நல்ல பெயர் வந்துவிட்டது என்று நினைத்தேன். கண்ணைத் திறந்து சொன்னார்:

"தெரியாதவன் கை வச்சே இப்படின்னா, தெரிஞ்சவன் வச்சா வீடு தாங்காது, நீயே இருந்துக்க."

தலை வந்தது, உடம்பு வரவில்லை

அறுபதுகளின் கடைசியில் ஒரு சீசன். குற்றாலத்தில் சாரல் நன்றாக விழுந்த வருஷம். கடைக்காரர்கள் சேர்ந்து மதுரையிலிருந்து மெல்லிசைக் குழு ஒன்றைக் கூப்பிட்டிருந்தார்கள். ஒலிபெருக்கி சங்கரபாண்டி அண்ணாச்சியுடையது. குழுவில் டேவிட் என்று ஒருவர், பாளையங்கோட்டைக்காரர், பேஸ் கிட்டார் வாசிப்பவர். தடித்த நாலு கம்பி வைத்த கிட்டாரை எங்கள் பக்கம் அதற்கு முன் யாரும் பார்த்ததில்லை. அதற்கென்று மெட்ராஸில் செய்த ஆம்ப்ளிஃபயர் இரண்டு பாகம். தலை தனி, ஸ்பீக்கர் பெட்டி தனி. தலையை டேவிட் மடியில் வைத்து பஸ்ஸில் கொண்டுவந்துவிட்டார். பெட்டி ஏறிய லாரி சங்கரன்கோவிலில் அச்சு முறிந்து நின்றுவிட்டது.

அண்ணாச்சி அந்தத் தலையில் தன் குழாய்களை மாட்டினார். குழாய் அடிச்சத்தத்துக்கு ஆகாது. உள்ளே இருக்கும் மெல்லிய தகடு கிழிந்துபோகும். தவளையை மிதித்தது போல இரண்டு சத்தம் போட்டுவிட்டு இரண்டு குழாய் செத்தது. டேவிட் கிட்டாரை உறையில் போட்டு ஜிப்பை இழுத்துவிட்டார். கிட்டார் இல்லாமல் கச்சேரி இல்லை என்று குழுவும், கச்சேரி இல்லையென்றால் அண்ணாச்சிக்கு இனிமேல் சீசன் வேலை இல்லை என்று கடைக்காரர்களும் சொல்லிவிட்டார்கள். நாலு மணிக்குக் கச்சேரி. பதினோரு மணிக்கு அண்ணாச்சி வாடகைக் காரில் என் மைக் செட் கடைக்கு வந்து இறங்கினார்.

என்னிடம் ஒரு பெட்டி இருந்தது. புளியறைத் தேயிலைப் பெட்டிக்குப் பிறகு எனக்கென்று பலாப் பலகையில் செய்தது. இடுப்பு உயரம், உள்ளே பன்னிரண்டு அங்குல ஸ்பீக்கர் இரண்டு, சுற்றிலும் இலவம் பஞ்சு. ஊரில் அதைக் கோழிக்கூடு என்பார்கள்.

"உங்கிட்ட ஏதோ பெட்டி இருக்காம்லா" என்றார் அண்ணாச்சி.

"இருக்கு. வாடகை வேண்டாம். இலத்தூர்ல ஒயரைப் புடுங்குனது நாந்தான்னு நாலு பேரு முன்னால நீங்க சொல்லணும்."

"இத்தனை வருசமா அதையாலே நெனச்சிட்டு இருக்க?"

"வேற என்னத்த நெனைக்க அண்ணாச்சி?"

கார்க்காரன் ஹாரன் அடித்தான். அண்ணாச்சி வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு சொன்னார்:

"சரி சொல்லுதேன், நாளைக்குப் பகல்ல சொல்லுதேன், இப்பப் பெட்டியைத் தூக்கு."

காலால் கேட்டது

என் ஸ்பீக்கர் இரண்டும் ஒவ்வொன்றும் எட்டு. பக்கத்துப் பக்கத்தில் சேர்த்தால் நாலு, ஒன்றன்பின் ஒன்றாகக் கோத்தால் பதினாறு. டேவிட்டின் தலையில் நாலாம் ஆணிக்கு உள்ளே இணைப்பு விட்டுப்போயிருந்தது. ஆகவே கோத்துப் பதினாறில் மாட்டினேன். "பக்கத்துப் பக்கத்துல மாட்டுலே" என்று அண்ணாச்சி தலைக்கு மேல் நின்று சொன்னார். காதில் வாங்கவில்லை. ஒயரை முறுக்கிய பிறகு சுவிட்சைப் போட்டேன். டேவிட் ஒரு கம்பியை இழுத்தார். மேடைக்கு அடியில் ஆனை நடப்பது போல இருந்தது. எல்லோரும் கூட்டமாக வந்து பார்த்தார்கள். கூட்டத்தைப் பார்த்ததும் அண்ணாச்சியின் கை தன்னால் ஆம்ப்ளிஃபயரின் முதுகுப் பக்கம் போயிற்று. ஒயருக்கு ஒரு சாண் தூரத்தில் அந்தக் கையைப் பட்டென்று அடித்தேன். இருபது பேராவது பார்த்திருப்பார்கள். அவர் கையைத் தேய்த்துக்கொண்டு தள்ளிப் போனார்.

சாரலும் அருவி இரைச்சலும் பாதிப் பாட்டை விழுங்கிக்கொண்டிருந்தன. பாடியவர் குரல் வரும், போகும். ஆனால் கிட்டார் மட்டும் விடாமல் நின்றது. இடைவேளையில் டேவிட் செருப்பைக் கழற்றிவிட்டு வெறுங்காலோடு பெட்டிக்குப் பக்கத்தில் வந்து நின்று என்னிடம் சொன்னார்:

"அண்ணாச்சி, இதைக் காதால கேக்கவே வேண்டாம், பலகையை மிதிச்சாலே சுருதி தெரியுது."

நாற்பது பேர் முன்னால்

மறுநாள் காலை பத்து மணிக்கு அண்ணாச்சி என்னைத் தேடி வந்தார். உடம்பெல்லாம் எண்ணெய், கையில் எண்ணெய்க் கிண்ணம். "வா, குளிச்சிட்டு வருவோம். சொல்ல வேண்டியதச் சொல்லிருதேன்" என்றார். அவராக வந்து கூப்பிட்டதில் எனக்கு மனசு இளகிவிட்டது. கடைவீதியில் வைத்துச் சொன்னாலே போதும் என்று நினைத்தேன். வழியில் டேவிட் டீ குடித்துக்கொண்டு நின்றார், கடைக்காரர்கள் நின்றார்கள். "இங்கன சொல்லுங்களேன்" என்றேன். "எண்ணெய் தேச்சிட்டு நிக்கேன், இப்படியா சொல்ல முடியும்?" என்று மேலே நடந்தார்.

பேரருவியில் தண்ணீர் கனமாக விழுந்தது. சுற்றிலும் நாற்பது பேருக்குக் குறையாது. அண்ணாச்சி நடு அருவிக்குள் புகுந்து, திரும்பி, என் முகத்தைப் பார்த்தார். வலது கையைத் தூக்கினார். மேடைப் பேச்சுக்காரர் மாதிரி ரொம்ப நேரம் வாயை அசைத்தார். இடையில் ஒரு தடவை நெஞ்சைத் தட்டிக் காட்டினார். எனக்கு அருவியின் சத்தத்தைத் தவிர ஒன்றும் கேட்கவில்லை. அவருக்குப் பக்கத்தில் முதுகைக் காட்டிக்கொண்டிருந்த ஆள் வெளியே வந்ததும் ஓடிப்போய், "அண்ணாச்சி என்ன சொன்னாரு?" என்று கேட்டேன். "காதுக்குள்ள எண்ணெய் போயிட்டு வே" என்று அந்த ஆள் தலையைச் சாய்த்து ஒற்றைக் காலில் குதித்தார். சங்கரபாண்டி அண்ணாச்சி ஆற அமரக் கரையேறி, துண்டைப் பிழிந்து, என் தோளில் தட்டிச் சொன்னார்:

"நாலு பேரு முன்னாலதான கேட்ட, நாப்பது பேரு முன்னால சொல்லியாச்சு, போய்த் தலையைத் தொவட்டு."

அருவி இரைச்சலுக்கு மேலே ஒரு மனுஷன் குரலை எடுத்துக் கொடுக்கும் பெட்டியை நான் இன்னும் செய்யவில்லை, ஆகவே அண்ணாச்சி அன்றைக்கு அசைத்தது என் சொல்லா, குளிருக்குப் பாடிய பாட்டா என்று தெரிகிறவரை அது எனக்கு வரவேண்டியதாகத்தான் நிற்கிறது.