அத்தான் அழிக்கப் பயந்த டிஸ்க்

என் அக்காவின் கணவர் வாழ்க்கையில் எதையும் முடிவாகச் செய்தவர் இல்லை. பதவி உயர்வு வந்தபோது யோசித்துச் சொல்கிறேன் என்றார். அது பக்கத்து மேசைக்காரருக்குப் போயிற்று. செருப்புக் கடைக்குப் போனால் நான்கு ஜோடியைப் போட்டு நடந்து பார்த்துவிட்டு, பழைய செருப்போடு வீடு திரும்புகிற மனிதர்.

அப்படிப்பட்டவர் எங்கள் பள்ளி அலுவலகத்தில் ஒரு விஷயத்தில் மட்டும் ராஜா. நாற்பத்திரண்டு ஆசிரியர்களுக்கும் கால அட்டவணை போடுவது அவர்தான். நான் அங்கே வரலாறு எடுக்கிறேன், அதனால் கண்ணால் பார்த்திருக்கிறேன்: அட்டவணை போடும் மாதத்தில் எல்லோரும் அவரிடம் "சாப்பிட்டீங்களா சார்?" என்று உருகுவார்கள். மற்ற மாதங்களில் அவர் பட்டினி கிடந்தாலும் கேட்க நாதியில்லை.

இந்த வருடம் தலைமையாசிரியை, அலுவலகக் கணினிகள் எல்லாம் விண்டோஸை விட்டு லினக்ஸ் என்ற இயங்குதளத்துக்கு மாறப்போகின்றன என்றார். அட்டவணையையும் அதிலேயே போட்டு, இரண்டு வாரம் கழித்து வரும் திங்கட்கிழமை தர வேண்டும். முடியாவிட்டால் கம்ப்யூட்டர் டீச்சரிடம் ஒரு மென்பொருள் இருக்கிறது, பத்து நிமிடத்தில் போட்டுவிடும் என்றும் சேர்த்துக்கொண்டார். அத்தான் இஞ்சி தின்ற குரங்கு மாதிரி வீட்டுக்கு வந்தார்.

கம்ப்யூட்டர் டீச்சர் தங்கமானவர். வீடு தேடி வந்து, அத்தானின் கணினியில் பழகுவதற்கு ஒரு மெய்நிகர் கணினி அமைத்துக் கொடுத்தார். அதாவது, இருக்கிற கணினியின் திரையில் ஒரு ஜன்னல். அந்த ஜன்னலுக்குள் கணினியாக நடிக்கும் இன்னொரு கணினி. "உள்ள என்ன பண்ணினாலும் வெளிய ஒண்ணும் ஆகாது சார். தைரியமா இன்ஸ்டால் பண்ணுங்க" என்று சொல்லிவிட்டுப் போனார். தைரியத்தைப் பற்றி யாரிடம் பேசுகிறோம் என்று அவருக்குத் தெரியாது, பாவம்.

லினக்ஸ் இரண்டு பொத்தான்களைக் காட்டியது. ஒன்று, நிறுவு. மற்றது, நிறுவாமல் முயன்று பார். அத்தான் முதலாவதை அமுக்கினார். டிஸ்கில் உள்ள எல்லாம் அழிக்கப்படும் என்று வந்தது. அந்த நடிப்புக் கணினியின் டிஸ்கில் அழிக்க ஒரு தூசிகூட இல்லை. இவரோ பக்கத்தில் நின்ற என்மேல் இடிக்கிற அளவுக்கு நாற்காலியோடு பின்னால் போனார்.

"ஐயோ, இருபது வருஷ ஃபைல் இருக்கும்மா இதுல!"

பின்வாங்கி இரண்டாவதை அமுக்கினார். லினக்ஸ் அழகாகத் திறந்தது. "பாத்தியா? இன்ஸ்டால் பண்ணாமலே வேலை செய்யுது. இதுக்குத்தான் எதுலயும் அவசரப்படக்கூடாதுங்கிறது" என்று எனக்கு உபதேசம் வேறு.

ஒன்பது நாள் அதிலேயே அட்டவணை போட்டார். கட்டத்துக்குக் கட்டம் சேமித்தார். முயன்று பார்க்க மட்டும் திறந்த லினக்ஸ், அணைத்த நொடியில் எல்லாவற்றையும் மறந்துவிடும் என்பதுதான் அவருக்குத் தெரியாது. இடையில் அணைத்தால் கெட்டுவிடும் என்று தானாகவே ஒரு பயம் கொண்டு, கணினியை இராப்பகலாக ஓடவிட்டிருந்தார். சனிக்கிழமை காலை அக்கா இஸ்திரிப்பெட்டிக்கு ப்ளக் பாயிண்ட் தேடினாள்.

மறுபடி திறந்தபோது அட்டவணை இல்லை. அதே இரண்டு பொத்தான்கள்தான் இருந்தன.

"நீதான் ஆஃப் பண்ணினியா?"

"ஒன்பது நாளா ஓடுதே, அதுக்கும் கொஞ்சம் ரெஸ்ட் வேண்டாமாங்க?" என்றாள் அக்கா.

எனக்குச் சிரிப்பு வந்தது. அவர் அடுத்துச் சொன்னதைக் கேட்டதும் அடங்கிவிட்டது. "இந்த ஒரு வேலையும் போச்சுன்னா, என்னை அங்க யாரும்மா மதிப்பாங்க?" என்றார். நான் அவர் பக்கத்தில் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டேன்.

"அந்த அழிக்கிற பட்டனை அமுக்குங்க அத்தான். உங்க ஃபைல் எல்லாம் வெளிய பத்திரமா இருக்கு. நீங்க அமுக்கறீங்களா, நான் அமுக்கவா?"

கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு அவரே அமுக்கினார். இருபது நிமிடத்தில் லினக்ஸ் நிறுவப்பட்டுவிட்டது. பழைய ஃபைல்களில் ஒன்றுகூட அசையவில்லை. வெட்கத்தை மறைக்க, "கொஞ்சம் ஸ்லோவாத்தான் இருக்கு" என்று குறை சொன்னார்.

பிறகு அவர் சொல்லச் சொல்ல நான் தட்டினேன். கையில் ஒரு துண்டுக் காகிதம் கிடையாது. "கெமிஸ்ட்ரி டீச்சருக்கு முழங்கால் வலி, மாடி வேண்டாம். டிராயிங் சார் குழந்தையை விட்டுட்டு வரணும், முதல் பீரியட் வேண்டாம். கணக்கு சாரும் பிசிக்ஸ் சாரும் பேசிக்கறதில்லை, ரெண்டு பேருக்கும் ஒரே நேரத்துல ஓய்வு குடுத்துடாதே." பத்து நிமிட மென்பொருளுக்கு இதெல்லாம் எங்கே தெரியும்? அவர்மேல் எனக்குப் பெரிய மரியாதை வந்தது. ஞாயிறு மாலை என் பெயர் வரும்வரை அது நீடித்தது.

"உனக்கு மூணாவது மாடி, ஒன்பதாம் கிளாஸ், சாப்பாட்டுக்கு அப்புறம். அஞ்சு நாளும்."

ஒன்பது வருடமாக இதேதான். தூங்கி வழிகிற பிள்ளைகளிடம் போர்களைப் பற்றிக் கத்திக்கொண்டிருக்கிறேன்.

"ஏன் அத்தான் எப்பவும் எனக்கே?"

"மத்தவங்களுக்குப் போட்டா மறுநாளே சண்டைக்கு வந்துடுவாங்க. நீ ஒரு தடவைகூட வேண்டாம்னு சொன்னதில்லையேம்மா."

இதற்காக அக்காவிடம் திட்டியிருக்கிறேன். ஆசிரியர் அறையில், பேருந்தில், குளியலறையில் தனியாகக்கூடத் திட்டியிருக்கிறேன். இவரிடம் சொன்னதில்லை.

"எனக்கு வேண்டாம் அத்தான்."

"சரி, காலையில ரெண்டாவது பீரியட் போட்டுக்கோ" என்றார். அவ்வளவுதான்.

"அப்ப சாப்பாட்டுக்கு அப்புறம் அந்த கிளாஸுக்கு யாரு?"

"கம்ப்யூட்டர் டீச்சரைப் போடு. நல்ல மனுஷி, ஒண்ணும் சொல்லமாட்டாங்க."

போட்டேன். ஐந்து நாளும்.