விதைக்கு விட்ட பாகற்காய்

இன்று, நாங்கள் குடியேறிய இந்த வெளிநாட்டு நகரத்தின் பல்லாரோ சந்தையில் வியாபாரி பிய்த்து எறிந்த பாகற்கொடியின் மணம், சந்தையைச் சுற்றியுள்ள அல்பெர்கேரியாவில் எங்கள் வீட்டுக்குப் பின்னால் ஒருகாலத்தில் இருந்த, பிறகு வாகனத் தரிப்பிடமாகிப்போன சின்னத் தோட்டத்துக்கு என்னைக் கொண்டுபோனது. ஒக்டோபர் மழையோடு இலைகளில் வெள்ளைப் பூஞ்சணம் படரும்; அப்பா ஏணியில் ஏறிப் பந்தலில் இருந்து கொடிகளை அறுத்துப் போட, நானும் அம்மாவும் அள்ளிக் குவிப்போம்; எத்தனை தரம் கை கழுவினாலும் இராச்சோறு கசக்கும். விதைக்கென்று ஒரு காயை மட்டும் அப்பா கொடியிலேயே பழுக்க விடுவார்.

அவர் ஆஸ்பத்திரியில் கிடந்த வருசம், காலையில் டொக்டரோடு கதைத்துவிட்டு வந்த அம்மா, தானே ஏணியில் ஏறி எல்லாவற்றையும் அறுத்தா.

“அம்மா, அது விதைக்காய்!”

“அடுத்த வருசம் ஆர் பந்தல் போடுறது, பிள்ளை?” என்றா, திரும்பிப் பாராமலே.

அப்பா இனி வீட்டுக்கு வரமாட்டார் என்பதை அப்படித்தான் அறிந்தேன்.