கோழித் தீனி என்று எழுதாத கை

என் மேசை இழுப்பறையில் ஒரு காலி உறை இருக்கிறது. ஆபீஸ்களில் நீளக் காகிதத்தை மூன்றாக மடித்துப் போடுவார்களே, அந்தப் பழுப்பு நிற உறைதான். மேலே தட்டச்சில் இரண்டு வரி ஆங்கிலம். ஓரத்தில் பசை காய்ந்து மஞ்சள் பூத்திருக்கிறது. சென்ற மாதம் என் மகள் இழுப்பறையைச் சுத்தம் செய்கிறேன் பேர்வழி என்று பாதிச் சாமான்களைக் குப்பைக் கூடைக்கு அனுப்பினாள். இந்த உறையும் அதில் போய்விட்டது. பதறியடித்துக்கொண்டு கூடையைக் கவிழ்த்துப் போட்டு எடுத்தேன். கிழவனுக்குப் புத்தி பிசகிவிட்டது என்று நினைத்திருப்பாள். "காலி கவர்தானே லா, இதுக்குப் போய் இப்படியா?" என்றாள். காலிதான். ஒரு காலத்தில் அதற்குள் ஒரு பிடி அரிசி இருந்தது. என் அப்பாவின் வாயில் போட வேண்டிய அரிசி.

வெள்ளைக்காரன் காலத்து மலாயா அவசரகாலம் என்று இன்றைக்குப் பாடப் புத்தகத்தில் ஒரு பக்கத்தில் முடித்துவிடுகிறார்கள். எங்களுக்கு அது கம்பி வேலி. மலாக்காவில் பெம்பான் பக்கம் எங்கள் ரப்பர் தோட்டத்தில், சிதறிக் கிடந்த லயன் வீடுகளையெல்லாம் ஒரே இடத்தில் சேர்த்து, சுற்றிலும் முள்கம்பி போட்டு, ஒரே ஒரு கேட்டு வைத்தார்கள். பொழுது சாய்ந்தால் ஊரடங்கு. காட்டுக்குள் இருந்த கம்யூனிஸ்டுக்காரர்களுக்குச் சோறு போய்விடக் கூடாது என்பதற்காக, கேட்டைத் தாண்டி ஒரு பருக்கை வெளியே போகக் கூடாது என்று சட்டம். பால் எடுக்க மரம் சீவப் போகிறவர்கள் விடியலில் வெறும் வயிற்றோடு போய் நண்பகலில் கண் இருண்டு திரும்புவார்கள். பெண்களைத் தடவிச் சோதிக்கப் பெண்களையே நிறுத்தியிருந்தார்கள். கொண்டைக்குள் ஒரு பிடி அரிசி வைத்துப் போன ஒருத்தி பிடிபட்டு ஜெயிலுக்குப் போனாள். அவள் யாருக்கும் கொடுக்கவில்லை, பசிக்கு மெல்லத்தான் வைத்திருந்தாள் என்பது லயனுக்கே தெரியும். இத்தனைக்கும் வேலிக்கு வெளியே இருந்த துரை பங்களாவுக்கு நொய் அரிசி மட்டும் தடையில்லாமல் போகும். அங்கே கோழி வளர்த்தார்கள். கோழித் தீனிக்கு அனுமதி உண்டு.

என் அப்பா அந்தப் பசியிலேயே நெஞ்சு நோய் கண்டு கிடந்தார். பேச்சு குறைந்த மனிதர். படுக்கையில் விழுந்த பிறகு ஒன்றே ஒன்றைத்தான் திரும்பத் திரும்பச் சொன்னார். "உசிரோட இருக்கயில காலை நேரத்துல வாய்ல ஒண்ணும் போடல. போறப்பவாவது நாலு அரிசி போட்டு அனுப்புங்கடா." எங்கள் ஆட்களில் பெண்கள் வீட்டு வாசலில் வாய்க்கரிசியைப் பேருக்கு உதட்டில் தொட்டு எடுத்துவிடுவார்கள். ஆனால் குழிமேட்டில், முகத்தை மூடும் முன், மூத்த மகன் போடுவதுதான் கணக்கு. அதைப் போட்டால்தான் போனவருக்குப் பசி அடங்கும் என்பார்கள். குழிமேடோ வேலிக்கு வெளியே, கித்தா என்கிற ரப்பர் மரங்களுக்கு அந்தப் பக்கம். மூத்த மகன் நான். அப்போதுதான் மீசை அரும்பி, சீவுவதற்கு என் பேரிலும் மரம் கொடுத்திருந்தார்கள். அப்பா ஒரு விடியலில் போனார். பொழுது சாய்வதற்குள் அடக்கம் முடிந்தாக வேண்டும். மடியில் அரிசியை முடிந்துகொண்டு போகிறேன் என்று துள்ளினேன். "அப்பன் போன அன்னிக்கே நீயும் உள்ள போகணுமா? போ, போயி கிராணிகிட்ட கேளு" என்று அம்மா என்னைப் பிடித்துத் தள்ளினாள்.

தோட்ட ஆபீஸில் கணக்கு எழுதும் பெரிய கிராணியை லயனில் ஒருவருக்கும் பிடிக்காது. நேரில் 'ஐயா', முதுகுக்குப் பின்னால் 'மைக்கூடு'. வெள்ளைச் சட்டை, வெள்ளை முழுக்கால் சட்டை, விரலில் எப்போதும் மைக்கறை. அவசரம் என்று போய் நின்றாலும் நிதானமாகப் பேனா மூடியைத் திருகி, அதைப் பேனாவின் பின்பக்கம் மாட்டி, பெயர், தகப்பன் பெயர் என்று தொடங்குவார். பால் வாளி தூக்கித் தோள் காய்த்துப்போன எங்களுக்கு அந்த மூடியைத் திருகுகிற அழகைப் பார்த்தாலே பற்றிக்கொண்டு வரும். துரைக்கு எடுபிடி, நிழலில் உட்கார்ந்து சம்பளம் வாங்குகிறவர் என்றுதான் நானும் நினைத்திருந்தேன். அன்றைக்கு ஆபீஸ் சன்னலில் நின்று, அப்பா போய்விட்டார் என்றேன். அவர் நாற்காலியை விட்டு எழுந்து நின்றார். யார் வீட்டுச் சாவைச் சொன்னாலும் அப்படித்தான் எழுவாராம். அதையும்கூட ஒரு நடிப்பு என்று லயனில் கேலி பேசியிருக்கிறோம்.

விஷயத்தைக் கேட்டதும், அரிசி வெளியே போக அனுமதி ஜாசின் டவுன் ஆபீஸில்தான் வாங்க வேண்டும் என்றார். துரை மலாக்காவுக்குப் போயிருந்தார். ஆபீஸைச் சின்னக் கிராணியிடம் விட்டுவிட்டு, அவரே என்னை அழைத்துக்கொண்டு பஸ் ஏறினார். வழியெல்லாம் மடியில் வைத்திருந்த தோல்பையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டிருந்தார். அந்தப் பாதையில் காட்டுக்காரர்கள் முன்பு ஒரு பஸ்ஸைக் கொளுத்தியிருந்தார்கள். கருகிய எலும்புக்கூடாக அது ரோட்டோரம் கிடந்தது. அதைத் தாண்டும்போது மட்டும் கண்ணை மூடிக்கொண்டார். அவருக்கும் பயம் உண்டு என்று அப்போதுதான் தெரிந்தது.

ஜாசின் ஆபீஸில் அனுமதி எழுதுகிறவர் நம் ஆள்தான். நல்லவர், அதையும் சொல்ல வேண்டும். கிராணி நீட்டிய காகிதத்தைப் படித்துவிட்டுத் தலையைச் சொறிந்தார். "கிராணி, சாவுக்கு அரிசின்னு இங்க ஒண்ணும் இல்லையே. கடைக்கு உண்டு, கோழிக்கு உண்டு, விதை நெல்லுக்கு உண்டு. வாய்க்கரிசின்னு எழுதினா நான் சாப்பு அடிக்க முடியாது, ஆபீசர் துரையே கையெழுத்துப் போடணும். அவர் ரவுண்டு போயிருக்காரு, எப்ப வருவாருன்னு தெரியாது. பேசாம கோழித் தீனின்னு போடுங்க. இப்பவே முத்திரை குத்திக் கொடுத்துடறேன். யாரு வந்து பாக்கப் போறா?"

எனக்கு உயிர் வந்தது. பத்து நிமிடத்தில் வேலை முடிந்துவிடும், அடுத்த பஸ்ஸைப் பிடித்துவிடலாம். கிராணி பேனாவைக் கையில் எடுத்தார். மூடியைத் திருகவில்லை. அந்தக் காகிதத்தை மறுபடி ஒருமுறை படித்தார். பிறகு, "மனுசன் வாய்ல போடுற அரிசிங்க இது. கோழித் தீனின்னு எழுத எனக்குக் கை வரல" என்றார்.

"எழுதுங்கய்யா, எழுதுங்க! என்ன கருமத்தை வேணா எழுதுங்க, எனக்கு அரிசி வேணும்" என்று நான் கத்தினேன். ஆபீஸில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். அவர் என் தோளில் கை வைத்தார். நான் தட்டிவிட்டேன். "கோழித் தீனின்னு இன்னிக்கு நான் எழுதினா, நாளைக்குச் சாவுறவனுக்கும் அதைத்தான் எழுதச் சொல்லுவாங்க தம்பி" என்று மெல்லச் சொல்லிவிட்டு, அங்கிருந்த ஒரு தட்டச்சு இயந்திரத்தைக் கேட்டு வாங்கி உட்கார்ந்தார். அனுமதிச் சீட்டிலும், பிறகு ஒரு பழுப்பு உறையின் மேலும் அவர் அடித்ததைப் பக்கத்தில் நின்று பார்த்தேன். எனக்கு ஆங்கிலம் அரைகுறைதான், இருந்தாலும் புரிந்தது. மிஸ்டர் என்று போட்டு என் அப்பாவின் பெயர். தகப்பன் பெயர் என்று என் தாத்தாவுக்கும் ஒரு மிஸ்டர். காலமானவரின் இறுதிச் சடங்குக்காக ஒரு கைப்பிடி அரிசி. விடியலில் பேர் கூப்பிடும் பெரட்டில் கங்காணி தினமும் 'ஏலே' என்று கூப்பிட்ட மனிதருக்கு மிஸ்டர். அந்த நேரத்தில் எனக்கு அது பெருமையாக இல்லை. இந்த ஆளுக்குத் தன் எழுத்துதான் முக்கியம், என் அப்பன் வாய் முக்கியமில்லை என்று வயிறு எரிந்தது.

ஆபீசர் துரை வந்தபோது வெயில் சாய்ந்திருந்தது. கிராணி நின்றபடியே விளக்கினார். துரை ஏதோ கேட்டார், இவர் பதில் சொன்னார், மறுபடி கேட்டார். கடைசியில் சீட்டில் கையெழுத்து விழுந்தது. உறையை ஒட்டி அனுப்ப வேண்டும், கிராணியே கூடப் போய்ப் பார்த்து மிச்சத்தைக் கேட்டில் காட்ட வேண்டும், குறைந்தால் அவர்தான் பொறுப்பு என்று நிபந்தனை. பஸ் போய்விட்டிருந்தது. ரப்பர் ஷீட்டு ஏற்றுகிற லோரி ஒன்றில் தொற்றிக்கொண்டு வந்து சேர்ந்தோம். சவம் வெளியே போய் வெகு நேரமாகிவிட்டது. அம்மா வாசலிலேயே அரிசியைக் கையில் பொத்திக்கொண்டு நின்றாள். வியர்வையில் அரிசி ஈரமாகியிருந்தது. கிராணி அதை உறையில் கொட்டி ஒட்டினார். கேட்டில் இருந்த மாத்தா, மலாய்ப் போலீஸ்காரன், படித்துப் பார்த்துவிட்டு, "செபாட், செபாட்" என்று சீக்கிரம் போகச் சொல்லி விரட்டினான். ஓடினோம். கிராணி ஓடி நான் பார்த்தது அன்று ஒருநாள்தான்.

குழி மூடியிருந்தது. காவலுக்கு வந்தவர்கள் ஊரடங்கைச் சொல்லி அவசரப்படுத்த, என் சித்தப்பா எனக்குப் பதிலாக முதல் மண்ணைத் தள்ளியிருந்தார். கடைசி மண்வெட்டி மண்ணை அணைத்துக்கொண்டிருந்தார்கள். "தோண்டு" என்று நான் விழுந்து புரண்டேன். யாரும் அசையவில்லை. உறையைக் கிழித்து மேட்டின் மேலாவது தூவலாம் என்று பிடுங்கினேன். மண்ணில் விழுந்த அரிசி காட்டுக்காரனுக்கு என்று காவலன் துப்பாக்கியைத் திருப்பினான். கிராணி என் கையிலிருந்து உறையை வாங்கிக்கொண்டார். சப்பாத்தைக் கழற்றி வைத்துவிட்டு வெறுங்காலோடு மேட்டின் தலைமாட்டில் நின்று கும்பிட்டார். பிறகு அனுமதிச் சீட்டின் பின்பக்கம், முட்டியில் வைத்து, 'பயன்படவில்லை' என்று எழுதினார். இந்த மனிதன் இப்போதும் எழுதுகிறானே என்று எனக்கு வெறி வந்தது. "கோழித் தீனின்னு எழுதியிருந்தா எங்கப்பன் வாய் நிறைஞ்சிருக்கும்" என்றேன். "ஆமா தம்பி. நிறைஞ்சிருக்கும்" என்றார். அவர் முகத்தைப் பார்க்க எனக்குப் பிடிக்கவில்லை.

கேட்டில் சரிபார்த்த பிறகு உறையை அம்மாவிடம் கொடுத்துவிட்டுப் போனார். அம்மா அந்த அரிசியைத் தனியாக எடுத்து வைத்திருந்து, கருமாதி அன்று படையல் சோற்றில் கலந்து உலையில் போட்டாள். அப்பா படத்துக்குக்கூட வழியில்லை, அவர் சட்டையை மடித்து வைத்து அதன்முன் படைத்தோம். பிறகு நாங்கள்தான் தின்றோம். பசியில் அதுவும் ருசியாக இருந்தது.

சில மாதங்கள் கழித்து எங்கள் வரிசையில் ஒரு பாட்டி இறந்துபோனாள். அவள் மகன் கிராணியிடம் ஓடினான். நண்பகலுக்கு முன்பே அனுமதி கையில் இருந்தது. ஜாசினில் முந்தைய நகலைப் பார்த்து, பெயரை மட்டும் மாற்றி அடித்து, யாரையும் காத்திருக்க வைக்காமல் கொடுத்திருந்தார்கள். பெயருக்கு முன்னால் மரியாதையும் அப்படியே இருந்தது. பக்கத்துத் தோட்டங்களுக்கும் பிறகு அதே வழக்கமானது. அந்த மகன் குழிமேட்டில் தாயின் வாயில் அரிசி போட்டதை நான் நின்று பார்த்தேன். எல்லோரும் பாட்டிக்காக அழுதார்கள். நான் பொறாமையில் அழுதேன்.

பிறகு நானும் ஆபீஸ் வேலைக்கே வந்தேன். கிராணியைப் பார்த்து வந்தேன் என்று சொன்னால் பொய். மரம் சீவிப் பிழைக்க உடம்பு ஒத்துழைக்கவில்லை, ஆங்கிலம் படித்தேன், டவுனில் ஒரு பதிவு ஆபீஸில் இடம் கிடைத்தது, அவ்வளவுதான். ஓய்வு பெறும்வரை ஒரு சன்னலுக்கு உள்ளே உட்கார்ந்து எழுதினேன். பெரிய பதவி எதுவும் வரவில்லை. சொந்தக்காரர்கள் கல்யாண வீட்டில் என்னை அறிமுகம் செய்யும்போது 'சும்மா கிளார்க்' என்பார்கள். சிரித்துக்கொள்வேன். ஒருமுறை ஒரு விதவை புருஷனின் சாவைப் பதிய வந்தாள். என்ன தொழில் என்று கேட்டதற்கு "கூலிங்க" என்றாள். பக்கத்தில் இருந்தவர் அப்படியே எழுது, சீக்கிரம் முடி என்றார். என் கை நின்றுவிட்டது. என்ன வேலை செய்தார் என்று கேட்டு, மரம் சீவியவர் என்று எழுதினேன். அவளுக்கு அது தெரியவும் தெரியாது, அதனால் அவளுக்குச் சல்லிக்காசு பிரயோசனமும் இல்லை. வரிசையில் நின்ற ஒருவர் நேரமாகிறது என்று என்னைத் திட்டினார். அவர் திட்டியதும் நியாயம்தான். சன்னலுக்கு வெளியே நிற்கிறவனின் கோபம் எனக்குத் தெரியாததா?

கிராணி வயதாகி, தங்கா பத்து என்ற ஊரில் மகன் வீட்டில் இறந்தார் என்று கேள்விப்பட்டுப் போனேன். வேலி இல்லை, கேட்டு இல்லை, ஊரடங்கு இல்லை. ஒரு பெரிய தட்டு நிறைய அரிசி, கீழே சிந்தி எல்லோர் காலிலும் மிதிபட்டது. உறவுக்காரர்கள் போட்டு முடித்த பிறகும் நான் ஒதுங்கியே நின்றேன். அவர் மகன் தட்டோடு வந்து, "நீங்க யாருங்க?" என்று கேட்டார். என்ன சொல்வது? மன்னித்தவன் என்று சொல்ல முடியாது, முழுதாக மன்னிக்கவில்லை. "அவர்கூட ஒருநாள் ஜாசினுக்குப் போனவன்" என்றேன். அவர் தட்டை நீட்டினார். வாயருகே கொண்டுபோன கையைத் திறக்க எனக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது. போட்டேன்.

சென்ற மாதம் கூடையிலிருந்து எடுத்த உறையை மகள் வாங்கிப் படித்தாள். அவளும் மலாக்காவில் ஓர் ஆபீஸில்தான் வேலை செய்கிறாள். நாள் முழுக்கப் பெயரும் நம்பரும் தட்டுகிற வேலை, ஒரு பைசா மரியாதை இல்லை என்று தினமும் புலம்புவாள். "யாருப்பா இந்த மிஸ்டர்?" என்றாள். உன் தாத்தா என்றேன். கதையைச் சொன்னேன். "அப்ப அந்தக் கிராணி பண்ணது சரியாப்பா?" என்று கேட்டாள். தெரியவில்லை என்றுதான் சொன்னேன். இத்தனை வருஷம் யோசித்தும் எனக்குத் தெரியவில்லை. என் அப்பா பசியோடு பிறந்து, பசியோடு உழைத்து, காலி வாயோடு மண்ணுக்குள் போனார். அதை எந்தக் கையெழுத்தும் மாற்றாது. ஆனால் அவரைக் கோழி என்று சொல்லும் காகிதம் மட்டும் எந்த ஆபீஸ் அலமாரியிலும் இல்லை.