ஒன்பது நாள் குளிப்பாட்டியவள்

ரத்னபாய் சொன்னது ஒரே ஒரு பெயர். சொல்ல ஒரு மூச்சுகூட ஆகவில்லை.

கொல்லயில் என்ற ஊரில் கொஞ்சம் தென்னையும் ஒரு துண்டு வயலும் உள்ள கனகதாஸின் மனைவி அவள். பழைய மிஷன் சபைக் குடும்பம். நெய்யாற்றின்கரைத் தாலுகாவை மலையாள நாட்டிலிருந்து பிரித்துத் தமிழ்நாட்டோடு சேர்க்கச் சொல்லி ஊர்வலம் போனவர்களில் கனகதாஸும் உண்டு. ஊர்வலத்தின் மேல் போலீஸ் சுட்ட வெடிவைப்பு நடந்த வருடம், வீடு வீடாகத் தேடல் வந்ததும் அவன் கள்ளிக்காட்டுப் பக்கம் ஓடி ஒளிந்தான். நிறைமாதக்காரியை விட்டுவிட்டு ஓடியவனுக்கு ஊரில் வீரன் என்று பெயர். பிள்ளை பெற்றது அவள்.

குளிப்பாட்ட வந்தவள் விஜயம்மா, மலையாளத்துக்காரி. அந்தப் பக்கத்தில் அவள் கை படாத குழந்தைத் தலை இல்லை. பிள்ளையைக் கமுகம்பாளையில் கிடத்தி, எண்ணெய் தேய்த்து, வெந்நீர் விட்டு, உள்ளங்கையால் தலையை உருட்டி விடுவாள். ஒன்பது நாள் வந்தாள். பத்தாம் நாள் வழியில் போலீஸ் லாரி நின்றது. அவள் வரவில்லை. அன்றுமுதல் ரத்னபாயே குளிப்பாட்டினாள். விஜயம்மா செய்ததைப் பார்த்த ஞாபகத்தில் தலையையும் உருட்டினாள்.

இரண்டாம் மாதம்தான் கவனித்தாள். பிள்ளையின் பின்னந்தலை வலப்பக்கம் தட்டையாக இருந்தது. வலது காது முன்னால் தள்ளி நின்றது. என் கைதான் நசுக்கிவிட்டது என்று நினைத்தாள். நினைத்தவள் யாரிடமும் கேட்கவில்லை. ஒரு கம்பளித் தொப்பியை மாட்டி மூடிவிட்டாள்.

மூன்றாம் மாதம், ஊருக்குள் தேடல் ஓய்ந்ததும் கனகதாஸ் திரும்பி வந்தான். மகனைத் தூக்கித் தொப்பியைக் கழற்றினான்.

"எனக்க பிள்ளைக்க தலை என்ன இப்பிடி இருக்கு? ஆரு குளிப்பாட்டுனது?"

"விஜயம்மா" என்றாள் ரத்னபாய்.

அவனுக்கு அது போதும். டீக்கடையில் போய், மலையாளத்துக்காரி தமிழன் பிள்ளையை வேண்டுமென்றே நசுக்கினாள் என்று சொன்னான். வேறு வருடமாக இருந்தால் சிரித்திருப்பார்கள். அந்த வருடம் நம்பினார்கள். பிறகு ஒரு வீட்டிலும் விஜயம்மாவைக் கூப்பிடவில்லை. ஒருநாள் அவளே வந்து படலைக்கு வெளியே நின்றாள்.

"கனகதாசே, ஞான் பிள்ளையெ ஒண்ணு பாக்கட்டு."

"பாத்தது போதும். போ."

ரத்னபாய் அடுக்களைக் கதவுக்குப் பின்னால் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள்.

நெய்யாற்றின்கரை ஆஸ்பத்திரிக்குப் போனால் போலீஸ் பிடித்துவிடும் என்று அவனுக்குப் பயம். டாக்டர் கேட்டால் உண்மை வெளியே வரும் என்று இவளுக்குப் பயம். இருவருமாக இரண்டு மாதம் ஓட்டினார்கள். பிள்ளைக்கு ஐந்து மாதம் ஆனபோது ஞானபாய் என்ற பக்கத்து வீட்டுக்காரி, "இதுக்குப் புத்தி வருமா பிள்ளே?" என்று கேட்டுவிட்டாள். மறுநாளே தெற்கே மிஷன் ஆஸ்பத்திரிக்குப் பஸ் ஏறினார்கள்.

லேடி டாக்டர் உச்சிக்குழியைத் தடவிப் பார்த்தார். தலையைச் சுற்றி நாடா வைத்து அளந்தார். கழுத்தை இரண்டு பக்கமும் மெல்லத் திருப்பினார். இடப்பக்கம் திருப்பியபோது பிள்ளை வீறிட்டது.

"ஆரு குளிப்பாட்டுனது?"

கனகதாஸ் முந்திக்கொண்டான். "ஒரு மலையாளத்துக்காரியாக்கும், டாக்டரே. வேணும்னே நசுக்கிப் போட்டா."

"உங்ககிட்ட கேக்கல்ல. அம்மா சொல்லட்டும். எத்தனை நாள் வந்தா?"

ரத்னபாய் தரையைப் பார்த்தாள். "ஒம்பது நாளு."

"பெறகு?"

"பெறகு நானாக்கும்."

கனகதாஸ் அவளைத் திரும்பிப் பார்த்தான்.

"அவ கையும் இல்ல, உங்க கையும் இல்ல" என்றார் டாக்டர். "கழுத்துல ஒரு பக்கம் தசை இறுகிக் கெடக்கு. பெறக்கும்போதே உள்ளதாக்கும். அதனால ஒரே பக்கம் பாத்துப் படுத்திருக்கான், படுத்த பக்கம் தட்டையாச்சு. புத்திக்கு ஒண்ணும் இல்ல. கழுத்தெ எப்படித் திருப்பணும்னு காட்டித் தாறேன், தினமும் செய்யணும். ரெண்டாம் மாசமே கொண்டு வந்திருந்தா சீக்கிரம் சரியாயிருக்கும். எதுக்கு இவ்வளவு நாள் வச்சிருந்தீங்க?"



பஸ்ஸில் அவன் கேட்டான். "எதுக்குப் பொய் சொன்ன?"

"எனக்க பேரெச் சொல்லப் பயம்."

"நான் ஊரு முழுக்கப் பறஞ்சு நடந்தேனே."

"நடக்கச் சொல்லி நான் கும்பிட்டேனா?"

வீட்டுக்குப் போகாமல் பிள்ளையோடு நேரே விஜயம்மாவின் குடிசைக்குப் போனாள். எல்லாவற்றையும் சொன்னாள். விஜயம்மா கிழங்கு நறுக்குவதை நிறுத்தவில்லை.

"எங்கிட்ட எதுக்குச் சொல்லுத? எனக்குத் தெரியாததா? ஊருல சொன்னதெ ஊருல போய் மாத்து."

ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து பெண்கள் வாசலில் நிற்கும்போது ரத்னபாய் எல்லார் முன்னாலும் சொன்னாள். பொய் சொன்னது நான், அவள் குற்றம் ஒன்றும் இல்லை என்றாள். ஞானபாய் அவள் தோளைத் தட்டினாள்.

"உனக்க மனசு எளகின மனசு பிள்ளே. அந்த மலையாளத்துக்காரி வந்து அழுதிருப்பா, இல்லியா?"

சிரித்துக்கொண்டே கலைந்து போனார்கள். பொய்யை ஒரு சொல்லில் நம்பியவர்கள், உண்மையை அதற்குப் பிறகு எத்தனை முறை சொல்லியும் கேட்கவில்லை.

தினமும் திருப்பித் திருப்பிப் பிள்ளையின் கழுத்து நேராயிற்று. தலை முழுதும் உருண்டையாகவில்லை. முடி வளர்ந்து மறைத்தது. முடி வெட்டும் நாளில் மட்டும் தட்டை தெரியும். அன்று ரத்னபாய் மகன் பக்கம் பார்க்கமாட்டாள்.

இரண்டாம் பிள்ளைக்கு விஜயம்மாவைத்தான் கூப்பிட்டாள். வரமாட்டாள் என்று நினைத்தாள். வந்தாள். பாளையில் கிடத்தி, எண்ணெய் தேய்த்து, கையும் காலும் நீவி, வெந்நீர் விட்டாள். தலையை மட்டும் தொடவில்லை. பிள்ளையைத் துவர்த்துத் துண்டில் சுற்றி ரத்னபாயின் மடியில் வைத்தாள்.

"தலையெ நீயே பாத்துக்கோ பிள்ளே" என்று சொல்லிவிட்டுப் பாளையைக் கழுவிக் கவிழ்த்தாள்.