வீட்டுக்காரருக்காக நான் பேசி அனுப்பிய கவர் லெட்டர்

கிரானைட் பாலிஷ் கம்பெனியை மூடிய பிறகு எங்கள் வீட்டுக்காரர் இருந்த கோலத்தைப் பார்க்கச் சகிக்காது. அங்கே மெஷின் பழுது பார்க்கும் ஃபிட்டராக இருந்தவர். காலையில் பழக்க தோஷத்தில் குளித்து, சட்டை போட்டு, கேரியருக்காகச் சமையற்கட்டு வாசலில் வந்து நிற்பார். பிறகு ஞாபகம் வந்து சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டுவார். ‘ஐயோ பாவம்’ என்று சொன்னால் மனுஷன் உடைந்துபோவார் என்று, “சட்டைய எதுக்கு தினம் கசக்கறீங்க, தொவைக்கறவ நானு” என்று சிடுசிடுப்பேன். என் வாய் அப்படி.

காரிமங்கலத்தில் வீட்டிலேயே நான் ஜாக்கெட் தைக்கிறேன். சாப்பாட்டுக்குக் குறையில்லை. ஆனால் அவருக்கு வேலைதான் உயிர். பேச்சு குறைந்தது, சோறு குறைந்தது, நன்றாக இருந்த மனுஷன் இளைத்துக் கறுத்துப் போனார். எப்படியாவது இவரை ஒரு மெஷின் முன்னால் கொண்டுபோய் நிறுத்திவிட வேண்டும், அது ஒன்றுதான் எனக்கு.

கிருஷ்ணகிரி ரோட்டில் மாங்கூழ் ஃபேக்டரி ஒன்றில் ஃபிட்டர் தேவை என்று வாட்ஸ்அப்பில் வந்தது. பயோடேட்டாவும் கவர் லெட்டரும் மெயிலில் அனுப்ப வேண்டுமாம். சேலத்தில் படிக்கும் மகளுக்கு ஃபோன் போட்டேன்.

“கவர் லெட்டர்லாம் இப்ப யாரும்மா படிக்கறாங்க? கேட்டாங்கன்னா ஒண்ணு சேத்து அனுப்பறதுதான்” என்றாள். பயோடேட்டா ஒன்று செய்து, ஏஐயிடம் சொல்லி இரண்டே நிமிஷத்தில் ஒரு லெட்டரும் அனுப்பினாள். இங்கிலீஷில் ஒன்று, அப்பாவுக்குப் புரியத் தமிழில் ஒன்று. நான் அவருக்கு வாசித்துக் காட்டினேன். “நான் துடிப்பும் ஆற்றலும் மிக்க, இலக்குகளை நோக்கி ஓயாது பயணிக்கும் தொழில் வல்லுநர்...”

“யாரு இது?” என்றார்.

“நீங்கதான்.”

“தன்னைத்தானே மெச்சிக்குமாம் தவுட்டுக் கொழுக்கட்டை. இத அனுப்பாத. என்னத் தெரிஞ்சவன் படிச்சான்னா சிரிப்பான்.”

“அழுத புள்ளதான் பால் குடிக்கும். வாயத் தொறந்து சொல்லாம யாருக்குத் தெரியும்?”

“ஒன்னப் பொண்ணு பாக்க வந்தப்ப நானா என்னப் பத்திப் பேசுனேன்? தரகர்தான பேசுனாரு” என்று சொல்லிவிட்டு வெளியே போய்விட்டார்.

கோபத்தில் சொன்னாரோ என்னவோ, எனக்கு அது பிடித்துப்போயிற்று. சரி, தரகர் வேலையை நானே பார்க்கிறேன் என்று முடிவு கட்டினேன். அவர் சந்தைக்குப் போன நேரம் பார்த்து ஃபோனில் மெயிலைத் திறந்து, அந்த மைக் படத்தை அமுக்கிப் பேச ஆரம்பித்தேன். நாம் பேசப் பேச அதுவே எழுதிக்கொள்ளும் அல்லவா?

வணக்கமுங்க, நான் எங்க வூட்டுக்காரருக்கு வேலை கேட்டுப் பேசறேன், அவருக்குத் தன்னைப் பத்திப் பேச வராது என்று தொடங்கினேன். மோட்டாரில் கை வைக்கும் முன்னால் ஃப்யூஸைப் பிடுங்கித் தன் சட்டைப் பையில் போட்டுக்கொள்வார், தெரியாமல்கூட எவனும் சுவிட்சைப் போட்டுவிடக் கூடாது என்று. ஒருநாள் மறந்து ஃப்யூஸோடு வீட்டுக்கே வந்துவிட்டார், அங்கே மெஷின் ஓடாமல் நின்றது, போட்ட சோற்றை அப்படியே வைத்துவிட்டு வந்த பஸ்ஸிலேயே திரும்பி ஓடினார். அதையும் சொன்னேன். கல் அறுக்கிற இடத்தில் விரல் போவது சாதாரணம், ஆனால் இவருக்குக் கீழே வேலை பார்த்த ஒருத்தருக்கும் ஒரு விரல்கூடப் போனதில்லைங்க என்றேன். வயசு ஆச்சுன்னு தள்ளிடாதீங்க, ஒரு தடவை கூப்பிட்டுப் பாருங்க என்று முடித்து, என் நம்பரைச் சொல்லி, சென்ட் பட்டனைத் தட்டினேன். அவரிடம் மூச்சு விடவில்லை.

சில நாள் கழித்து, மதியம், புது நம்பரிலிருந்து ஃபோன். அவர் பக்கத்தில் உட்கார்ந்து ஜாக்கெட்டில் தைக்க எனக்கு ஊக்கு பிரித்துக் கொடுத்துக்கொண்டிருந்தார். ஒரு சின்னப் பெண்ணின் குரல்.

“ஃபேக்டரில இருந்து பேசறங்க. உங்க மெயில்ல பயோடேட்டாவே இல்லீங்களே?”

அட கடவுளே! மகள் செய்து வைத்த பயோடேட்டாவை மெயிலில் சேர்க்கவே இல்லை நான். என் முகம் போன போக்கைப் பார்த்ததும் அவர் எழுந்துவிட்டார். எத்தனையோ இடத்தில் ‘இல்லை’ கேட்டுப் பழகியவர். இதுவும் அதுதான் என்று நினைத்து வாசலைப் பார்த்து நடந்தார்.

“நாங்க கவர் லெட்டர்லாம் படிக்கறதில்லீங்க” என்றாள் அந்தப் பெண். “வர்றதெல்லாம் ஒரே மாதிரி இருக்கும். பயோடேட்டாவ மட்டும் பாத்துட்டுத் தள்ளிடுவோம். உங்களுதுல அது இல்லாததாலதான் லெட்டரப் படிச்சேன். மேனேஜர்கிட்ட காட்டினேன். அந்த வெரல் விஷயத்த ரெண்டு தடவ படிச்சாரு. நாளைக்கு இன்டர்வியூவுக்குக் கூப்பிடச் சொல்றாரு. ஆனா யாரைக் கூப்பிடறது? லெட்டர் முழுக்க எங்க வூட்டுக்காரர், எங்க வூட்டுக்காரர்னே இருக்கு. பேரே இல்லீங்க.”

இருக்காது. எங்கள் பக்கம் என் வயசுப் பெண்கள் பல பேர் புருஷன் பேரைச் சொல்ல மாட்டோம். சொன்னால் அவருக்கு ஆயுசு குறையும் என்று என் அம்மா சொல்லிச் சொல்லி வளர்த்தாள். ஆஸ்பத்திரியில் கேட்டால் ஆதார் கார்டை நீட்டுவேன், ரேஷன் கடையில் பக்கத்து வீட்டுக்காரியைச் சொல்ல வைப்பேன். மகள் எவ்வளவு கேலி செய்தும் வாய் வந்ததில்லை. ஃபோனிடம் பேசும்போதும் நாக்கு தானாகத் தாண்டிப் போயிருக்கிறது.

“லைன்ல இருக்கீங்களா? பேரு சொல்லுங்க, லிஸ்ட்ட முடிக்கணும்.”

அவரைக் கூப்பிட்டு ஃபோனைக் கொடுக்கலாம் என்று திரும்பினேன். செருப்பைக் கூட மாட்டாமல் வாசலைத் தாண்டிக்கொண்டிருந்தார். முதுகுதான் தெரிந்தது. தோள் எலும்பு இரண்டும் துருத்திக்கொண்டு, என்ன இளைப்பு! ஆயுசு குறையுமாம், ஆயுசு! நான் பேரைச் சொல்லாமலேதான் இந்த மனுஷன் என் கண் முன்னால் இப்படிக் கரைந்துகொண்டிருக்கிறார்.

சொன்னேன். இனிஷியலோடு சொன்னேன்.

“சரியா கேக்கலீங்க.”

தெருவுக்கே கேட்கிற மாதிரி மறுபடியும் சொன்னேன். அவர் அப்படியே நின்று திரும்பினார்.

“எம் பேரயா சொன்ன?”

“ஆமா, சொன்னேன். நாளைக்கு இன்டர்வியூவாம், வந்து பேசுங்க” என்று ஃபோனை நீட்டிச் சீறினேன். சீறும்போதே அழுகை வந்துவிட்டது. ஃபோனை வாங்கிக் காதில் வைத்தவர், மறுகையால் ஆணியில் கிடந்த சட்டையை எடுத்தார்.