போர்டம்மாவின் ஆயிரம் திருத்தங்கள்

அந்த அகராதி அலுவலகத்தில் அவருடைய சொந்தப் பெயரை எல்லோரும் மறந்து பதினான்கு மாதங்கள் ஆகியிருந்தன. எல்லோருக்கும் அவர் போர்டம்மா. ஆங்கிலம்–தமிழ் அகராதியின் இரண்டாம் பாகத்துக்காக ‘போர்டு’ என்ற ஒற்றைச் சொல்லை அவரிடம் கொடுத்தபோது, இரண்டு வாரத்தில் முடிந்துவிடும் என்றுதான் கொடுத்தார்கள். அவரும் அப்படி நினைத்துத்தான் வாங்கிக்கொண்டார்.

“போர்டுன்னா பலகை. இதுல என்னக்கா இருக்கு?” என்று எதிர் மேஜை டைப்பிஸ்ட் கேட்டாள்.

“இருக்கிறது ஒரே பலகைதான். அது சும்மா இருந்தாத்தானே!”

அது சும்மா இருக்கவில்லை. பழைய ஆங்கிலத்தில் அது பலகை. கப்பலின் பக்கவாட்டுக்கும் அதே பெயர். அதனால்தான் கப்பலில் ஏறுவதும், பிற்பாடு ரயிலிலும் விமானத்திலும் ஏறுவதும் அந்தச் சொல்லாலேயே நடக்கின்றன. பலகையை இரண்டு தாங்குகால்களின் மேல் கிடத்தினால் சாப்பாட்டு மேஜை. நாளடைவில் மேஜையின் பெயர் அதன்மேல் வைத்த சாப்பாட்டுக்கும் ஒட்டிக்கொண்டது. தங்க இடமும் சாப்பாடும் தருகிற விடுதி போர்டிங் ஆனது அப்படித்தான். தட்டுகளை எடுத்த பிறகு அதேபோன்ற மேஜையைச் சுற்றி நாலு பேர் உட்கார்ந்து முடிவெடுத்தால் அது நிர்வாகக் குழு. கோப்பைகள் வைக்கிற பலகைக்கு ஒரு காலத்தில் கதவு முளைத்து அது கப்போர்டு என்ற அலமாரியாயிற்று. பழைய வேலையை விடாமலே ஒரு சொல் புது வேலைகளில் சேர்ந்துகொண்டே போவதைப் பார்க்கப் போர்டம்மாவுக்குத் தன் நிலைமை போலவே இருந்தது. மகள், மனைவி, அண்ணி, அம்மா, அலுவலக ஊழியர்: எதிலிருந்தும் ராஜினாமா கிடையாது.

தலைமைப் பதிப்பாசிரியர் லேசில் பாராட்டாதவர். “தப்பு இல்ல” என்று அவர் சொன்னால் அன்றைக்கு அலுவலகமே அதைப் பற்றிப் பேசும். போர்டம்மா கொண்டுபோன கடைசி இரண்டு பொருள்களில், அதாவது கம்ப்யூட்டருக்குள் இருக்கும் சர்க்யூட் போர்டிலும் கடல் அலையில் சறுக்கும் போர்டிலும், அவர் முரண்டுபிடித்தார்.

“ரெண்டும் பலகைதானேம்மா? தனி எண் எதுக்கு?”

“அதுல ஏறி அலைல போகலாம் சார். இதுல ஏறினா கம்ப்யூட்டர்தான் போகும்.”

அவர் சிரிக்கவில்லை. “சரி, போட்டுக்கங்க” என்றார். ஆக மொத்தம் இருபத்தொரு பொருள்கள்.

துணைப் பதிப்பாசிரியரின் நாற்காலி ஆறு மாதமாகக் காலியாக இருந்தது. பத்து வருடமாகச் சொற்பொருள் சீட்டு எழுதிய போர்டம்மாவுக்கு, மற்றவர்கள் எழுதியதைச் சரிபார்க்கும் அந்த வேலைமேல் ஆசை. இரண்டாம் பாகம் வெளியானதும் அது அவருக்குத்தான் என்று பேச்சு அடிபட்டது.

திங்கட்கிழமை அச்சகத்திலிருந்து ஆயிரம் பிரதிகள் கட்டுக்கட்டாக வந்து இறங்கின. போர்டம்மா ஒன்றை உருவித் தன் பக்கத்தைத் திறந்தார். ஏழாவது பொருள், சாப்பாடு. தங்க இடமும் சாப்பாடும் கிடைத்ததால் ஒருவன் வேலையை ஏற்றுக்கொண்டான் என்று ஆங்கில எடுத்துக்காட்டு சொன்னது. அதற்குக் கீழே தமிழில் இப்படி இருந்தது: “சாப்பாடு மேஜைல மூடி வச்சிருக்கு. சூடு பண்ணிக்கங்க. பாலை மறக்காம ஃப்ரிட்ஜ்ல வைங்க.”

பழைய தாள்களின் வெற்றுப் பக்கத்தில் சீட்டு எழுதுவது அவர் பழக்கம். பஸ் டிரைவரான கணவருக்குக் காலையில் எழுதி வைத்த குறிப்பின் முதுகில்தான் ஏழாம் பொருளின் தமிழ் எடுத்துக்காட்டை எழுதியிருந்தார். டைப்பிஸ்ட் திருப்பிப் பிடித்து அடித்துவிட்டாள். அச்சுக்கு முன் பிழை பார்த்தவர் போர்டம்மாவேதான். தினமும் தன் கையால் எழுதும் வாக்கியம் என்பதால் கண் அதில் தடுக்காமல் வழுக்கிக்கொண்டு போயிருக்கிறது.

“சாப்பாட்டைப் பத்திதானேக்கா? பொருந்தத்தான் செய்யுது. யாருக்குத் தெரியப் போகுது?” என்றாள் டைப்பிஸ்ட்.

“பாலும் பொருந்துதா?”

“வெள்ளிக்கிழமை நாற்காலி முடிவாகுது. அதுவரைக்கும் வாயத் திறக்காதீங்க.”

போர்டம்மா அப்போதே எழுந்து போனார். பதிப்பாசிரியர் அந்த இடத்தை இரண்டு முறை படித்தார்.

“வச்சாரா?”

“எதை சார்?”

“பாலை.”

“இல்ல சார். திரிஞ்சு போச்சு.”

“ம். பசை ஸ்டோர் ரூம்ல இருக்கு.”

நாற்காலியைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. அச்சான பிறகு பிழை தெரிந்தால், அதைக் கவனிக்காமல் விட்டவரே எல்லாப் பிரதிகளிலும் திருத்தத் துண்டு ஒட்ட வேண்டும் என்பது அந்த அலுவலகத்தின் வழக்கம்.

விஷயம் கேட்ட கணவருக்குப் பெருமை தாங்கவில்லை. “எனக்கு எழுதின லெட்டர் புஸ்தகத்துல வந்திருக்கு! ஒண்ணே ஒண்ணு ஒட்டாம எடுத்துட்டு வா. டிப்போல காட்டணும்.”

“எல்லாத்துலயும் ஒட்டணும்.”

“கட்டின புருஷனுக்குக்கூடவா?”

“உங்களுக்குத்தான் முதல் காப்பி. ஒட்டினது.”

அவர் அன்று சாப்பாட்டைச் சூடு பண்ணாமலே சாப்பிட்டு எதிர்ப்பைக் காட்டினார்.

மூன்றாம் நாள், பசை காயும் இடைவெளியில் போர்டம்மா முன்னுரையைப் புரட்டினார். அது பதிப்பாசிரியர் எழுதியது. ‘போர்டு’ என்ற எளிய சொல்லுக்கே பத்தொன்பது பொருள்கள் உண்டு என்று அதில் இருந்தது. தன் பக்கத்துக்குத் திருப்பி விரல் வைத்து எண்ணிப் பார்த்தார். இருபத்தொன்று.

“பார்க்காத மாதிரி மூடிடுங்க. நாற்காலி வேணுமா, வேணாமா?” என்று டைப்பிஸ்ட் கிசுகிசுத்தாள்.

“வேணும். அந்த நாற்காலில உட்கார்ந்து செய்யவேண்டிய வேலையே இதுதானே?”

அந்த வரியில் விரலை வைத்தபடி புத்தகத்தை எடுத்துப்போய்ப் பதிப்பாசிரியர்முன் நீட்டினார். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டினார்.

“இருபத்தொண்ணா?”

“கடைசி ரெண்டுக்கும் சரின்னீங்களே சார்.”

“வாயால சொன்னேன். கை ஒத்துக்கல போல.”

பத்து நிமிடம் கழித்து அவர் கத்தரிக்கோலோடு ஸ்டோர் ரூமுக்கு வந்து எதிரே உட்கார்ந்தார். ‘இருபத்தொன்று’ என்று அச்சடித்த தாளைத் துண்டு துண்டாக நறுக்கினார். நறுக்கவும் தெரியவில்லை, ஒட்டவும் தெரியவில்லை.

“கோணலா இருக்கு சார்.”

அவர் அதைப் பிய்த்து மறுபடி ஒட்டினார். நாற்பதாவது பிரதியில் தலை நிமிராமலே சொன்னார்: “மூணாம் பாகம் அச்சுக்குப் போறதுக்கு முன்னாடி முழுசா நீங்க பாருங்க. என் முன்னுரையையும் சேர்த்து.”

போர்டம்மாவின் தூரிகை பசைக் கிண்ணத்திலேயே நின்றது. “அப்படின்னா அந்த நாற்காலி...?”

“பின்ன, நின்னுக்கிட்டா பார்ப்பீங்க?”

போர்டம்மா அடுத்த கட்டைப் பிரித்து, பாதியை அவர் பக்கம் தள்ளினார்.